நெல்சனுக்குப் போகிறீர்களா? அணியும் கலையையும் பழைய கார்களையும் பார்க்க ஒரு வழிகாட்டி

நியூசிலாந்தின் தென் தீவில், மேலே வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் நெல்சன். அங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 2001-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். ஒரு பக்கம் உடம்பில் அணிகிற கலைப்படைப்புகள், இன்னொரு பக்கம் பழைய கார்கள். உடுப்புக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. உள்ளே போய் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு ஒன்று புரிந்தது. தட்டையாக இருக்கிற ஒரு பொருளை, துணியோ தகடோ, வளைத்து நெளித்து ஒரு எலும்புக்கூட்டின்மேல் தோல் மாதிரி போர்த்துவதுதான் இரண்டு பேருடைய வேலையும். தையல்காரர் செய்வதும் டிங்கர் செய்வதும் ஒரே வேலை என்று அங்கே நின்றபோது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

வெலிங்டனுக்கு நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் மிக முக்கியம், இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பழைய பயணக் குறிப்புகளில் எல்லாம் உடுப்பும் காரும் ஒரே கூரையின் கீழ் என்று இருக்கும். அது 2020 வாக்கில் முடிந்துபோன கதை. இப்போது அந்த இடத்தின் பெயர் நெல்சன் கிளாசிக் கார் மியூசியம், அங்கே இருப்பது கார்கள். அணியும் கலையைப் பார்க்க வேண்டுமென்றால் வெலிங்டனில் ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக நடக்கிற மேடை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். அதன் முழுப் பெயர் வேர்ல்டு ஆஃப் வேரபிள் ஆர்ட், ஊரில் எல்லோரும் சொல்வது 'வாவ்'.

ஆக இரண்டையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பயணத்தையே அந்தச் செப்டம்பர், அக்டோபர் வாரங்களில் போட்டுக்கொள்வது நல்லது. வெலிங்டனில் ஒரு மாலை நிகழ்ச்சி, அடுத்த நாள் நெல்சன். நிகழ்ச்சி டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். அந்த வாரங்களில் வெலிங்டன் ஓட்டல்களும் நிரம்பிவிடும், எனவே டிக்கெட் கிடைத்த அன்றைக்கே அறையையும் போட்டுவிடுங்கள். மற்ற மாதங்களில்தான் வர முடியும் என்றால் கார்களை மட்டும் பாருங்கள். அதுவே அரை நாளுக்குத் தாராளமாகப் போதும்.

போய்ச் சேருவது

வெலிங்டனிலிருந்து நெல்சனுக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஏறி உட்கார்ந்து கீழே கடலைப் பார்த்து முடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். இன்னொரு வழி கப்பல். வெலிங்டனிலிருந்து குக் நீரிணையைக் கடந்து பிக்டனுக்கு மூன்றரை மணி நேரம், அதன் பிறகு சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நேரம் இருந்தால் கப்பல்தான் என் கட்சி. கடைசி ஒரு மணி நேரம் மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த பகுதியில் கப்பல் மெதுவாகப் போகும், அதை விமானத்தில் பார்க்க முடியாது. ஆனால் காற்று பலமாக அடித்தால் கப்பல் ரத்தாகும். எனவே ஊர் திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய நாள் கப்பலை நம்பி இருக்காதீர்கள்.

மியூசியம் இருப்பது அன்னஸ்புருக் என்ற பகுதியில், குவாரன்டைன் சாலையிலிருந்து பிரிகிற கெடிலாக் வே என்ற தெருவில். தெருவுக்கே காரின் பெயர்! விமான நிலையத்திலிருந்து காரில் சில நிமிடம்தான், எனவே ஊருக்குள் போய்விட்டுத் திரும்பி வராமல், இறங்கியதும் நேராக இங்கே வந்துவிடலாம், அல்லது கிளம்புகிற நாளில் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். கடைசி நாளில் வைத்தால் ஒன்றை மனதில் வையுங்கள். நான் முதல் தடவை போனபோது வாடகைக் காரைத் திருப்பித் தர வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, இரண்டாவது கூடத்தில் ஓட்டமாக ஓடி வெளியே வந்தேன், இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டத் தயங்க வேண்டாம், நம்மைப்போல் அங்கேயும் இடது பக்கம்தான். ஊர் லைசன்ஸில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், விமான நிலையத்தில் ஊறுகாய், பருப்புப் பொடி, கருவேப்பிலை, தேன், மரச் சாமான் என்று எது கையில் இருந்தாலும் நாட்டுக்குள் நுழைவதற்கு நிரப்புகிற படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஒரு பாட்டில் மாவடுவுக்கு அது ரொம்ப அதிகம்.

போவதற்கு முன் ஒரு சின்னப் பயிற்சி

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இது செய்தால் மியூசியமே வேறு மாதிரி தெரியும். உங்களுக்குத் தெரிந்த தையல் கடைக்குப் போய், ஒரு பிளவுஸ் தைப்பதைப் பத்து நிமிடம் பாருங்கள். தட்டையான துணி உடம்பின் வளைவுக்கு எப்படி வருகிறது? டாட் பிடிக்கிறார்கள். துணியில் ஒரு முக்கோணத்தை மடித்துத் தைத்தவுடன், அதுவரை தட்டையாகக் கிடந்தது குவிந்து எழுகிறது. பக்கத்திலேயே ஒரு டிங்கர் கடை இருந்தால் அங்கேயும் நில்லுங்கள். அவர் தகட்டை மடித்துத் தைப்பதில்லை, சுத்தியலால் தட்டித் தட்டி நடுப்பகுதியை நீட்டுகிறார், நீண்ட தகடு போக இடமில்லாமல் குவிகிறது. துணியில் கழிக்கிறார்கள், தகட்டில் நீட்டுகிறார்கள், வருவது ஒரே வளைவு.

கரூர் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அங்கே வெறும் சேசிஸாக வந்து நிற்கிற வண்டிக்குச் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, பஸ் பாடி கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பார்கள். நாமக்கல்லில் லாரிக்கு அதையே செய்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் காருக்கும் அப்படித்தான். ஒருவர் எஞ்சினும் சேசிஸும் செய்து தருவார், குதிரை வண்டி செய்து பழகிய இன்னொரு பட்டறைக்காரர் மரச்சட்டம் வைத்து அதன்மேல் பாடி கட்டுவார். வாடிக்கையாளர் அளவு கொடுத்துச் சட்டை தைப்பதுபோல் கார் தைத்து வாங்கிய காலம் அது.

கார்களைப் பார்க்கும் முறை

உள்ளே சுமார் 150 கார்கள். வரிசையாக எல்லாவற்றின் முன்னாலும் நின்று பெயர்ப்பலகை படித்தால் இருபதாவது காரில் கண் களைத்துவிடும். எனவே முதலில் எதையும் படிக்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள், மனதைப் பிடித்த ஐந்தாறு காரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வந்து அவற்றோடு நேரம் செலவிடுங்கள். வண்டிகளை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள், எனவே நான் சொல்வது உங்கள் கண்ணில் படாமலும் போகலாம். ஆனால் மூன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று, 1959 கெடிலாக், இளஞ்சிவப்பு. நீளம் 5.7 மீட்டர். பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை எழும்பி நிற்கும், அதில் ராக்கெட் வால் மாதிரி சிவப்பு விளக்குகள். இந்தத் துடுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், லாக்ஹீட் பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்து மயங்கிப்போனார். 1948 கெடிலாக்கில் சின்னதாக ஒரு மேடு வைத்தார்கள். அது வருடத்துக்கு வருடம் வளர்ந்து, 1959-ல் இனி ஏற முடியாத உயரத்துக்குப் போனது. அடுத்த வருடமே இறங்கத் தொடங்கிவிட்டது. சேலை முந்தானைக்கும் சட்டைக் காலருக்கும் நடப்பதுதான் இது, ஃபேஷன் என்பதைத் தகட்டில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இரண்டாவது, பிஎம்டபிள்யூவின் பபிள் கார், அதாவது இசெட்டா. கெடிலாக்கைப் பார்த்த கையோடு இதைப் பாருங்கள். நீளம் 2.3 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, கெடிலாக் ஒன்றின் நீளத்தில் இரண்டு இசெட்டா நின்றாலும் இடம் மிச்சமிருக்கும். கதவு பக்கத்தில் கிடையாது, வண்டியின் முகம் முழுவதுமே கதவு, ஃபிரிட்ஜைத் திறப்பதுபோல் திறக்கும், திறக்கும்போது ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வரும். ஃபிரிட்ஜ் என்று சும்மா சொல்லவில்லை. இந்த வண்டியை முதலில் உருவாக்கிய இசோ என்ற இத்தாலியக் கம்பெனி அதற்கு முன் ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்தது. பிஎம்டபிள்யூ உரிமம் வாங்கி 1955-லிருந்து தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போட்டு விற்றது. போருக்குப் பிறகு கையில் காசில்லாத ஜெர்மனியில், மழையில் நனையாமல் வேலைக்குப் போக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அந்த நெருக்கடியிலும் அதைச் செய்தவர்கள் முட்டை வடிவில் இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்களே, எனக்கு அது கெடிலாக்கைவிடப் பிடிக்கிறது.

மூன்றாவது 1950 ஸ்டுடிபேக்கர், மஞ்சள் நிற கன்வர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கக்கூடிய கார். முகப்பின் நடுவில் விமானத்தின் மூக்கு மாதிரி ஒரு கூம்பு. தகட்டைக் கூம்பாக்குவது டிங்கர் வேலையிலேயே கஷ்டமானது என்பதால் அந்த மூக்கின் முன்னால் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள்.

குனிவது என்றதும் ஞாபகம் வருகிறது. எந்தக் காரையும் நேராக நின்று பார்க்காதீர்கள். ஒரு மூலையில், ஹெட்லைட் உயரத்துக்குக் கண்ணை இறக்கி, பக்கவாட்டில் ஓடுகிற வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். கூரையிலிருக்கிற டியூப்லைட்டின் பிம்பம் கதவு, மட்கார்டு என்று நெளியாமல் ஓடினால் தகட்டு வேலை சுத்தம். நடுவில் அலை அலையாக நடுங்கினால் அங்கே எப்போதோ அடிபட்டு, தட்டி, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்று பாருங்கள். தையலில் ஓரம் மடித்தது சீராக இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே பார்வை. பிறகு ஜன்னல் வழியாக உள்ளே எட்டி சீட்டின் தையலைப் பாருங்கள். கையால் மட்டும் தொட வேண்டாம். மோதிரமும் பெல்ட் பக்கிளும் பெயிண்டில் கீறல் போட்டுவிடும், குழந்தைகளோடு போகிறவர்கள் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு பழைய கார் இங்கே எப்படி?

ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கிற நாட்டில், சின்ன ஊர்களில்கூட இப்படித் தொகுப்புகள் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1938-ல் இந்த நாடு இறக்குமதிக்கு லைசன்ஸ் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பணம் மிச்சப்படுத்த புதுக் கார்களுக்குக் கட்டுப்பாடு. கார்கள் பெரும்பாலும் பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து உள்ளூரில் பூட்டப்பட்டன, அந்தத் தொழில் 1998 வரை நடந்தது. புது வண்டி கிடைப்பது கஷ்டம் என்பதால் இருக்கிறதைத் தூக்கிப் போடாமல் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நம் வீடுகளுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

இங்கே 'எட்டாம் நம்பர் கம்பி' என்று ஒரு பேச்சு உண்டு. பண்ணை வேலிக்குப் போடுகிற கம்பி அது. அது ஒரு துண்டு கையில் இருந்தால் எதையும் சரி செய்துவிடலாம் என்பார்கள். கார்களை உயிரோடு வைத்திருந்த அதே கைதான் அணியும் கலையையும் பெற்றது என்று நான் நினைக்கிறேன்.

அணியும் கலையைப் பார்க்கும் முறை

சிற்பியான சூசி மோன்கிரீஃப் 1987-ல் நெல்சனுக்கு 30 கிலோமீட்டரளவு தெற்கே வேக்ஃபீல்டு என்ற கிராமப் பகுதியில் ஒரு சின்னக் கலைக்கூடத்துக்குப் பார்வையாளர்களை வரவைக்க ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கூடாரம் போட்டு, மழை கொட்டுகிற ராத்திரியில், சுமார் 200 பேர் முன்னால். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மனித உடம்பில் மாட்டினால் என்ன என்பதுதான் யோசனை. அது வளர்ந்து வளர்ந்து 2005-ல் வெலிங்டனுக்குப் போகும் அளவுக்குப் பெரிதானது. இப்போது நடப்பது துறைமுக ஓரத்தில் குவீன்ஸ் வார்ஃபில் இருக்கிற டிஎஸ்பி அரீனாவில். நெல்சன்காரர்களுக்கு அது போனதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு, அந்த வருத்தம் நியாயமானதுதான்.

பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்: இது ஃபேஷன் ஷோ இல்லை. 'இதை யார் போட்டுக்கொண்டு வெளியே போவார்கள்' என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இது எதனால் ஆனது? எடை எங்கே தாங்குகிறது, தோளிலா இடுப்பிலா? போட்டிருப்பவர் எப்படி நடக்கிறார், கை தூக்க முடிகிறதா, உட்கார முடியுமா? வாவ் ஒரு போட்டியும்கூட. 2009-ல் முதல் பரிசு வாங்கியது அமெரிக்காவின் அலாஸ்காவைச் சேர்ந்த டேவிட் வாக்கர் செய்த மர உடுப்பு. மரம் மடங்காது, ஆனால் ஆள் நடக்க வேண்டும். அந்த ஒரு முரண்பாட்டைத் தீர்ப்பதில்தான் அவருடைய உழைப்பெல்லாம் இருக்கிறது. அடுத்த வருடம், 2010-ல், முதல் பரிசு இந்தியாவைச் சேர்ந்த யோகேஷ் சௌத்ரிக்கு, 'லூப்ஸ்' என்ற படைப்புக்காக. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை அவசியம் சொல்லுங்கள்.

நிகழ்ச்சியில் நடனம், இசை, வெளிச்சம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும், ஒரு உடுப்பு மேடையில் நிற்பது கொஞ்ச நேரம்தான். எனவே ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு படைப்பில் தோளை மட்டும் பாருங்கள், அடுத்ததில் பாதத்தை மட்டும். மேடைக்கு மிக அருகில் இருக்கிற சீட்டுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் உயரத்தில் இருந்தால் முழு உருவமும் தெரியும். பழைய நெல்சன் மியூசியத்தில் ஒரு இருட்டறை இருந்தது, அங்கே உடுப்புகள் இருளில் ஒளிர்ந்துகொண்டு நின்றன. அந்த அறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம் என்ற சுகம் மேடையில் இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னும் நேரம் இருந்தால்

வெலிங்டனிலேயே தங்குகிறவர்கள், நெல்சன் போக முடியாதவர்கள், வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் பாராபராவுமுவில் இருக்கிற சவுத்வார்டு கார் மியூசியத்துக்குப் போகலாம். 1979-ல் திறந்தது, 400-க்கும் மேற்பட்ட வண்டிகள். 1895 பென்ஸ் வெலோ அங்கே இருக்கிறது, அமெரிக்க தாதா மிக்கி கோஹனின் குண்டு துளைக்காத கெடிலாக்கும் இருக்கிறது. அளவில் இது பெரியது, ஆனால் முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நெல்சன்தான் என் சிபாரிசு, கண் களைக்காது.

நெல்சனில் சனிக்கிழமை இருந்தால் காலையில் மாண்ட்கோமரி சதுக்கத்துச் சந்தைக்கு முதலில் போங்கள். மதியம் ஒரு மணிக்குக் கடை கட்டிவிடுவார்கள். கையால் செய்த நகை, பின்னல், தோல் வேலை என்று செய்தவர்களே விற்கிறார்கள், எப்படிச் செய்தது என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். மியூசியத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தைக்கத் தெரிந்தவர்களுக்கு. வாவ் போட்டியில் உலகின் எந்த நாட்டிலிருந்தும் கலந்துகொள்ளலாம், டிசைனர் பட்டம் எதுவும் தேவையில்லை. பனை ஓலை, தென்னை நார், கோரைப் புல், தறியில் மிஞ்சிய நூல் என்று நம்மிடம் இல்லாத பொருளா? ஆனால் செடி, விதை, இறகு, மரம் சேர்ந்த எதை அனுப்பினாலும் நியூசிலாந்தின் உயிர்ப்பாதுகாப்புச் சோதனை உண்டு. விமான நிலையத்தில் ஊறுகாய்க்குச் சொன்னதுதான் இங்கேயும். எனவே பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எதற்கு அனுமதி, எதற்குச் சுத்திகரிப்புச் சான்று என்று பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்.